பனியனுக்குள் இறங்காத அம்மை

12 மார்ச் 1981, வியாழன்

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒன்றைச் சேர்ப்பதோ, வெட்கப்பட்டு ஒன்றை விடுவதோ கிடையாது. பிறகு படிக்கும்போது எனக்கே சங்கடமாக இருந்தாலும் சரி.

டைரி தருமன் மாமா கொடுத்தது. மாமா அம்மாவின் தம்பி, களம்பூர் அரிசி மில்லில் வேலை. முதல் இரண்டு மாதப் பக்கங்களை அவர் பிள்ளை கிறுக்கிவிட்டதால், "குணா பொண்ணு வெச்சுக்கட்டும்" என்று எனக்கு வந்தது.

முதலில் அப்பாவைப் பற்றி எழுதிவிடுகிறேன். அப்பா பட்டு நெசவு. தீபாவளிக்குப் பிறகு அவருக்கு மனம் கலங்கியது. தறிச் சத்தத்துக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றார். சோற்றில் என்னவோ கலக்கிறார்கள் என்றார். ஒரு நாள் தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூலைக் கத்தியால் குறுக்கே அறுத்துவிட்டார். முதலாளி கொடுத்த பட்டு நூல். பொங்கலுக்கு முன் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாசியில் வீட்டுக்கு வந்தார். இப்போது பேச்சுக் குரல் கேட்பதில்லை. மாத்திரை இருக்கிறது.

ராத்திரிக்கு ஒரு பெரிய மாத்திரை. அது குரலுக்கு. காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அது, பெரிய மாத்திரையால் வருகிற கை நடுக்கத்துக்கு. இரண்டையும் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் அப்பா, "இது இன்னா?" என்று கேட்பார். அம்மா கொடுத்தால் "சத்து மாத்திர" என்பாள். அப்பா வாயை இறுக்கிக்கொள்வார். நான் "டாக்டரம்மா உன் மனசுக்குக் குடுத்தது" என்பேன். வாங்கி விழுங்கிவிடுவார்.

14 மார்ச், சனி

தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்த அப்பா, எழுந்ததும் அப்படியே தறிக்கட்டையின் மேல் சாய்ந்துவிட்டார். கண் இருட்டிவிட்டதாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழக்கூடாது என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். நான்தான் ஞாபகப்படுத்தினேன். இனிமேல் காலை மேலே எடுத்துக் குழி விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

"நான் இன்னா கல்யாணப் பொண்ணா, மெல்ல மெல்ல எழுந்துக்க?" என்றார். சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

17 மார்ச், செவ்வாய்

வாய் காய்கிறது என்கிறார் அப்பா. நெல்லிக்காய்த் துண்டை அடக்கிக்கொள்ளச் சொன்னேன், கேட்கிறது. மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

20 மார்ச், வெள்ளி

அம்மணி அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

"ஏண்டா துரைக்கண்ணு, கை இன்னாடா, மழையில நனைஞ்ச கோழி மாரி ஆடுது?"

அப்பா கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். நடுக்கம் வெள்ளை மாத்திரைக்கு முழுதாக அடங்கவில்லை. குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா கைதவறி விழுகிறது. இழை அறுந்தால் முடிச்சுப் போட அம்மாவைக் கூப்பிடுகிறார். கூப்பிடும்போது அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். "சொன்னா இன்னும் ஒரு மாத்திர குடுப்பாங்க. பேஜாரு" என்றார்.

26 மார்ச், வியாழன்

முதலாளி புதுப் பாவு கொடுத்திருக்கிறார். "இதையும் அறுத்தேன்னா ஆரணியில உனக்கு எவனும் நூல் குடுக்க மாட்டான்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அம்மா அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

விடியலில் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டினோம். கஞ்சி தடவி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவது வழக்கம். நான் பள்ளிக்கூடம் போய் மத்தியானம் சாப்பிட வந்தேன். அப்பா இன்னும் தெருவில்தான் இருந்தார். கை நடுங்க நடுங்க ஒவ்வோர் இழையாக முடிந்துகொண்டிருந்தார். தலையில் துண்டு, அரைக்கைப் பனியன். அம்மா குடை பிடிக்கப் போனாள். "தெருவே பாக்குது, உள்ள போ" என்று துரத்தினார்.

பாவு கெடாமல் வீட்டுக்குள் வந்தது. அதுவே பெரிது.

27 மார்ச், வெள்ளி

காலையில் அப்பாவின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. கழுத்து, இரண்டு கை, பாதம் எல்லாம் சிவப்பு. முன்கையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். எரிகிறது என்றார். அத்தை வந்து பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஆத்தா வந்துட்டா."

வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. தாளிப்புக் கிடையாது. தறி ஓடக் கூடாது. அம்மை கண்ட வீட்டுப் பிள்ளை என்பதால் நானும் பள்ளிக்கூடம் போகக் கூடாது. ராத்திரி மாத்திரையை எடுக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"ஆத்தா உக்காந்திருக்கிற ஒடம்புல மருந்து படக்கூடாதும்மா. எங்க கூடப்பொறந்த சின்னத்தம்பிக்கு அம்ம பாத்தப்போ ஊசி போட்டாங்க. ரெண்டு கண்ணும் போச்சு. அப்புறம் அவனே போய்ட்டான். உங்கப்பன் அப்போ இத்தனூண்டு, அவனக் கேளு."

அப்பாவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். அம்மா மாத்திரைப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள்.

28 மார்ச், சனி

இன்றும் மாத்திரை இல்லை.

30 மார்ச், திங்கள்

அப்பாவின் கை நடுங்காமல் நிற்கிறது. நிஜமாகவே. அறுந்த நூலை எடுத்து அவரே முடிச்சுப் போட்டுக் காட்டினார். பகலில் தூங்கி வழியவில்லை. வாய் காயவில்லை.

"பாத்தியா? ஆத்தா கை வெச்சா, உங்க வேலூர் மாத்திரயால ஆவாதது ஆயிடுச்சு" என்றார் அத்தை.

நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியலாம், ஆனாலும் எழுதி வைக்கிறேன். அப்பா பழைய அப்பாவாக இருந்தார்.

ஆனால் ராத்திரி கண்ணே மூடவில்லை என்று அம்மா மட்டும் என்னிடம் சொன்னாள்.

1 ஏப்ரல், புதன்

அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதற்காக அப்பாவின் பனியனைக் கழற்றினாள். நான் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். பனியன் கை முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் சிவப்பு நின்றிருக்கிறது. மேலே ஒரு கொப்புளம் இல்லை. நெஞ்சில், முதுகில், வயிற்றில் ஒன்றும் இல்லை. துண்டு கட்டியிருந்த இடத்தில் நெற்றியும் அப்படியே இருக்கிறது.

எனக்கு இரண்டாம் வகுப்பில் அம்மை வந்தது. முதலில் வயிற்றில்தான் வந்தது. தலைமுடிக்குள், காதுக்குள்கூட இருந்தது. அத்தையிடம் சொன்னேன்.

"அவ எங்க வேணா எறங்குவா. நீ புஸ்தகத்தப் படிச்சிட்டு அவளுக்கு வழி சொல்லிகினு இருக்காத."

வேலூரில் டாக்டரம்மா எத்தனையோ சொன்னார். அதில் வெயிலில் நிற்க வேண்டாம் என்பதும் ஒன்று. உடம்பு சரியில்லாதவர்களிடம் எல்லோரும் சொல்வதுதானே என்று நாங்கள் இருந்துவிட்டோம். அது இந்த மாத்திரைக்காகவே சொன்னதா? வெயில் பட்ட இடத்தில் மட்டும் சிவந்திருக்கிறது என்றால் — இது அம்மையே இல்லை. அம்மை இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டாம்.

யார் கேட்பார்கள் நான் சொன்னால்?

2 ஏப்ரல், வியாழன்

"குணா, தறி ஓடுதா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"பக்கத்து வூட்ல?"

"அங்கயும் இல்லப்பா. அம்ம வூடுன்னு அவங்களும் நிறுத்திட்டாங்க."

"அப்போ யாரு பேசறது?"

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

3 ஏப்ரல், வெள்ளி

அம்மா வீட்டில் இருந்த கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி அத்தை வீட்டில் கொடுத்தாள். அத்தை எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"அண்ணி, அவருக்கு மறுபடியும் வந்துகினு கீது அண்ணி" என்றாள் அம்மா.

"மூணாம் தண்ணி ஊத்தட்டும் காசி. அப்புறம் நீ இன்னா வேணா குடு, நான் கேட்டா பாரு" என்று அம்மாவுக்குச் சொன்னார் அத்தை.

அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்றுகிற மூன்றாம் தண்ணிக்கு அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும்? அப்பா தறி பக்கத்திலேயே உக்காந்துகினு பாவையே பாக்கறாரு. விரலால ஒவ்வொரு இழையா தள்ளித் தள்ளி என்னத்தையோ தேடறாரு. எனக்குப் பயமா இருக்கு. அப்பாவப் பாத்தே பயமா இருக்கு.

5 ஏப்ரல், ஞாயிறு

எழுத்து ஆடுகிறது. தூக்கம். நாளை எழுதுகிறேன்.

6 ஏப்ரல், திங்கள்

இப்போது தலை தெளிந்திருக்கிறது. சனிக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அடுப்படிக்குப் போனேன். அம்மா ராத்திரி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கரண்டியால் நுணுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பாவின் கூழ்ச் சட்டி.

"வேணாம்மா. நேரா சொல்லியே குடுக்கலாம்."

"சத்தம் போடாத. அண்ணிக்குத் தெரியக்கூடாது. ஆத்தாவுக்கும் தெரியக்கூடாது."

"அப்பாவுக்கு?"

அம்மா பொடியைக் கூழில் கொட்டினாள். கலக்கினாள்.

அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்ததும் சட்டியைக் கீழே வைத்தார். நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாக்கு மரத்துப் போவுது."

"வேப்பிலக் காத்து, வாயெல்லாம் கசப்பாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

"கசப்பு இல்ல. மரத்துப் போவுது." அம்மாவை அவர் பார்த்த பார்வையை நான் முன்பு ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், பாவை அறுத்த அன்று. "பேசறவங்க சொன்னது சரிதான். கலக்கறீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "குணா. நீ சொல்லு. இதுல இன்னா கீது?"

அம்மா சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினாள். வாசலில் அத்தை வந்து நின்றிருந்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா நம்பியிருப்பாரோ என்னவோ. ஆனால் பிறகு என் கையாலும் ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார்.

"உன் ராத்திரி மாத்திரப்பா. அம்மா நுணுக்கிப் போட்டுது. நான் பாத்தேன்."

அப்பா சட்டியைப் பார்த்தார்.

"வெஷம் இல்லியா?"

"இல்லப்பா."

"அப்போ நீ குடி."

அம்மா ஓடிவந்தாள். "கொழந்தங்க அவ, வேணாங்க." அப்பா கையை நீட்டித் தடுத்தார். அடிக்கவில்லை. நான் சட்டியை எடுத்து மீதியைக் குடித்துவிட்டேன். தைரியம் என்று எழுத மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன். கடைசியில் ஒரே கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி என்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

"நிஜமாவே நாக்கு மரத்துப் போச்சுப்பா" என்றேன்.

அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது. இத்தனை மாதத்தில் அவர் சொன்ன எதற்கும் வீட்டில் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

அப்புறம் எனக்கு நினைவு கம்மி. கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. அன்று முழுக்கவும் ஞாயிற்றுக்கிழமை பாதிவரையும் தூங்கினேனாம். அப்பா என் தலைமாட்டைவிட்டு நகரவில்லையாம். அடிக்கடி என் மூக்கின் கிட்டே கையை வைத்துப் பார்த்தாராம். அத்தை அழுததற்கு, "சத்தம் போடாத, தூங்குது" என்றாராம். அம்மா சொன்னாள்.

விழித்ததும் எழுந்தேன். சுவர் சுற்றியது. அப்பா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சட்டுனு எழுந்துக்காத. கால கீழ போட்டுகினு உக்காரு. கண்ணு தெளிஞ்சப்புறம் நிக்கலாம்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரொம்பக் கஷ்டமா கீதா?"

"ஆமாம்ப்பா."

"எனக்குத் தெனமும் அப்டித்தான்."

எனக்கு அழுகை வந்தது. அந்த மாத்திரையை நான் எத்தனை ராத்திரி அவர் கையில் வைத்துவிட்டுப் படிக்கப் போயிருக்கிறேன். "அந்தப் பேச்சு?" என்று கேட்டேன். வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திர போட்டா பேச்சு நிக்குது. போடலன்னா கை நிக்குது. எதுன்னு சொல்லுவ நீ?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

இது நேற்று. இன்று காலையில் அத்தையைக் கூப்பிட்டு, அப்பாவைக் கேட்டுவிட்டு, பனியனை மேலே சுருட்டிக் காட்டினேன். அந்தக் கோட்டை அத்தை விரலால் கையைச் சுற்றித் தடவிக்கொண்டே போனார். இன்னொரு கையையும் பார்த்தார். முதுகைப் பார்த்தார்.

"ஏண்டி குணா, ஆத்தா இன்னா டெய்லரா? பனியன் அளவு பாத்து எறங்கறதுக்கு?"

அத்தை சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் வேப்பிலைக் கொத்தின் முன்னால் நின்றார். மெதுவாகத்தான் சொன்னார், அத்தை மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நாங்க பண்றது தப்பா இருந்தா என் கண்ண எடுத்துக்கோ தாயே. அவன விட்டுடு." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உரக்க, "காசி, உன் தம்பிக்கு ஜல்தியா ஆள் அனுப்பு. நாளைக்கு வேலூர் போவட்டும்" என்றார்.

வேப்பிலையை மட்டும் எடுக்க விடவில்லை.

7 ஏப்ரல், செவ்வாய்

மாமா வந்தார். மாமாவின் முழுக்கைச் சட்டையை அப்பாவுக்குப் போட்டு, குடை பிடித்து பஸ் ஏற்றினோம். ஆற்காடு தாண்டும்வரை அப்பா என் மணிக்கட்டை விடவில்லை. பின்சீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். நான் திரும்பிக் கேட்டேன். "புண்ணாக்கு வெலையப் பத்திப் பேசறாங்கப்பா" என்றேன். கொஞ்சம் தளர்ந்தார்.

டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்ததுமே, "எவ்வளவு நேரம் வெயில்ல நின்னீங்க?" என்றார். அம்மை இல்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு வெயில் அப்படித்தான் தீய்க்குமாம். நான் கூழ் குடித்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைவிட அம்மாவுக்குத்தான் நிறையத் திட்டு. அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் டாக்டரம்மா அப்பாவையே கேட்டார். "மாத்திரையில உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவு?"

அப்பா எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு மேசைமேல் கையை வைத்தார். "என்னால இழ முடிச்சுப் போட முடியல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்ல இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதற்கு வெயில் தொந்தரவு குறைவாம்; ஆனாலும் முழுக்கைச் சட்டை, குடை வேண்டும். காலை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு வரலாம், வந்தால் தானாக நிறுத்தாமல் வந்து சொல்ல வேண்டும் என்றார். தானாக நிறுத்தாமல் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

9 ஏப்ரல், வியாழன்

அப்பா இன்னும் சுவரைப் பார்க்கிறார். மாத்திரை வாங்கிக்கொள்கிறார்.

25 ஏப்ரல், சனி

பரீட்சை முடிந்தது. கணக்கில் மட்டும் சந்தேகம்.

டாக்டரம்மா சொன்னபடியே கால் தவிப்பு வந்தது. அப்பாவால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "உள்ளுக்குள்ள எறும்பு ஊறுது. அதுபாட்டுக்குத் தறி மிதிக்கட்டைய மிதிக்கத் தோதாத்தான் கீது" என்று அவரே கேலி செய்தார். ஆனால் கண்ணில் தண்ணீர். நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்டார். எனக்கும் நிறுத்திவிடலாம் போல்தான் இருந்தது. வேலூருக்குப் போனோம். அளவைக் குறைத்து, வெள்ளை மாத்திரையை ஒன்று கூட்டினார்கள். இந்த இரண்டு நாளாக உட்காருகிறார்.

பேச்சு கேட்கிறதா என்றேன். "தூரத்துல. பக்கத்துத் தெரு மாரி" என்றார்.

16 மே, சனி

பாவு மிச்சம் தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கை இன்னும் லேசாக நடுங்குகிறது. ஜரிகைக் கரை வேலையை முதலாளி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு இனி சாதாரணக் கரைதான். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அது நோயா வருத்தமா என்று அம்மா பயந்தாள். எனக்கு வருத்தம் என்றுதான் தோன்றியது. மறுநாள் சாப்பிட்டார்.

12 ஜூன், வெள்ளி

மாமாவின் பிள்ளைக்குக் காது குத்து. அம்மாவும் நானும் களம்பூரில் மூன்று நாள் தங்கிவிட்டு இன்று மாலைதான் வந்தோம். தறி வேலை இருந்ததால் அப்பா வரவில்லை. மாத்திரை கொடுக்க நான் இல்லாமல் இருந்தது இதுவே முதல் முறை. அங்கே விருந்தில்கூட எனக்கு அதே நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டேன். "நான் இன்னா அவனுக்குக் காவலா? சோறு போட்டேன், துன்னான். மாத்திரயெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார்.

அப்பாவிடம் கேட்டேன்.

"போட்டுகினேன்" என்றார், தறியிலிருந்து தலையைத் தூக்காமலே.

பொட்டலம் மாடத்தில்தான் இருக்கிறது. எண்ணினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கையை மாடம்வரை கொண்டுபோனேன். அப்பா பார்த்தார். நான் எண்ணவில்லை. பக்கத்தில் இருந்த சீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அவரே எழுந்து போய் ஒன்றை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தார். பாய் போட்டாயிற்று. "எழுதனது போதும் குணா, காலையில சீக்கிரம் எழுந்துக்கணும்" என்கிறார். இந்த வரி தெருவிளக்கு வெளிச்சத்தில். வீட்டு விளக்கை அப்பா அணைத்துவிட்டார்.